டில்லிபாபு சொன்ன 'ஆனா'

குடிக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. கல்யாண வீட்டில் யாராவது விசாரித்து இது வெளியே வந்துவிட்டால் போதும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பாதிப் பேர் கை கழுவ எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேருடைய மனைவிமார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இவருக்கு நல்லா உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்களேன்" என்பார்கள். அப்படிச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

நான் வேலை பார்த்த மையம் ராயபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. காசிமேட்டுப் படகுக்காரர்கள், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்கள், மணலி டேங்கர் லாரி டிரைவர்கள், எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லோரும் அந்தப் படியேறித்தான் வருவார்கள். முதல் வருடம் என் அறைக் கதவில் 'மல்லிகா, கவுன்சிலர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். மறுவாரமே ஒரு அம்மாள் பாட்டிலில் கறுப்பாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "மூணு மாசமா இத்தத்தான் குடிச்சிகினு கீறோம். ஓட்டு கேக்க மட்டும் வர்றீங்கல்ல?" என்றார். நான் வார்டு கவுன்சிலர் இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் தெருவிளக்கு எரியாத கதைக்குப் போய்விட்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி குறுக்கே பேசாமல் கேட்டேன். "ரொம்ப நாளா யாருமே கண்டுக்கலைன்னு உங்களுக்கு வேதனையா இருக்கு" என்றேன். அவர் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தேர்தலிலும் எனக்கே ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். பலகையை அன்றே கழற்றி 'ஆலோசகர்' என்று மாற்றினோம். வருகிறவர்கள் கடைசிவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் ப்ரியா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். "மேடம், இப்ப ஒரு ஆப் வந்திருக்கு. நாங்க கேட்கிற கேள்வியெல்லாம் அதுவே கேட்குது. அப்ப நாங்க எதுக்குன்னு புதுசா சேர்ந்த பசங்க கேட்கிறாங்க. நீங்க வந்து பேசணும்." போய்ப் பேசினேன். அங்கே நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமூகப்பணி படித்தேன்; கல்லீரல் படம் வரைந்தேன்; குடித்தால் என்னென்ன கெடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதன்முதலாக என்னிடம் அனுப்பப்பட்டவர் ஒரு கிரேன் ஆபரேட்டர். அவருக்கு நான் கல்லீரலில் தொடங்கி, நரம்பு வழியாக, குடும்ப மானம் வரைக்கும் மூச்சு விடாமல் பேசினேன். அவர் கைகட்டிக் கேட்டுவிட்டு, "நல்லா பேசுறீங்கோ. மைக் குடுத்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று எழுந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். படியிறங்கி நேராக எதிர்ச் சாரியில் இருந்த ஒயின் ஷாப்புக்குப் போனார். தொண்டை வறண்டது என்னவோ எனக்குத்தான்.

எங்கள் மேலதிகாரி டாக்டர் தயாளன் என்னைக் கூப்பிட்டார். மனநல மருத்துவர். மெலிந்த உடம்பு, தொளதொள சட்டை. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"யார் அதிகம் பேசினது?" என்றார்.

"நான்தான் சார்."

"நீங்க விடணும்னு பேசினீங்க. அவர் என்ன பேசினார்?"

"ஒண்ணும் பேசல. கடைசியா, கொஞ்சமா குடிச்சா உடம்புவலிக்கு நல்லதுன்னு சொன்னார்."

"பாருங்க மல்லிகா. குடிக்கிற ஆளுக்குள்ள ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தன் விட்டுடலாம்ங்கிறான். இன்னொருத்தன் வேணாம்ங்கிறான். நீங்க போய் முதல் ஆளோட நாற்காலியில உட்கார்ந்துட்டா அவன் எங்கே போவான்? எழுந்து வெளியே போயிடுவான். அப்புறம் அந்த அறையில குடிக்கச் சொல்றவன் மட்டும்தான் மிச்சம்."

அவருடைய வழிமுறை பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வி கேட்கக்கூடாது. எதிரே இருப்பவர் சொன்னதை, அதன் உள்ளே இருக்கும் அர்த்தத்தோடு, நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். மருத்துவ விஷயம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "ஒண்ணு சொல்லலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 'ஆனா' என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். "குடிச்சா நிம்மதியா இருக்கு சார், ஆனா..." என்று ஒருவர் இழுத்தால் டாக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்துவிடுவார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை யாரும் அவர் வாயில் திணிக்கவில்லை, அது அவருடைய சொந்தச் சரக்கு, அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார்.

காத்திருப்பதுதான் கஷ்டம். மனிதன் கண்ணெதிரே தப்பாகப் பேசும்போது நமக்கு நாக்கு துறுதுறுக்கும். டாக்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய பெப்பர்மின்ட் மிட்டாய். புத்தி சொல்ல வேண்டும் போல வந்தால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அது கரைகிறவரை வாய் திறக்கமாட்டார். எனக்கும் ஒரு டப்பா வாங்கித் தந்தார். அவர் மையத்தை விட்டுப் போகும் சமயம் அவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. "பாதி பரம்பரை, மீதி உங்க எல்லாருக்கும் புத்தி சொல்லாம இருந்தது" என்றார்.

இனி டில்லிபாபு. இது அவருடைய நிஜப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம், ஆனா பேரை மாத்திடுங்க. மாத்துறதுதான் மாத்துறீங்க, கொஞ்சம் கெத்தா வைங்க" என்றார். எனக்குத் தெரிந்த கெத்து இவ்வளவுதான்.

காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலில் எந்தப் பக்கம் மீன் இருக்கும் என்று கருவி காட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுவார் என்று பெயர். கரையேறினால் குடி. அவரை இழுத்துக்கொண்டு வந்தவர் மனைவி ஜெயந்தி. திருவொற்றியூர் சந்தையில் மீன் விற்பவர். சந்தையின் அந்த மூலையில் பேசினால் இந்த மூலையில் கேட்கும்.

டில்லிபாபு ஏற்கெனவே வேறு பல மையங்களில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்கு அது புரிய ஒரு வாரம் ஆயிற்று. ஒருநாள் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நான் தாமதமாக வந்தேன். குழு வகுப்பு நடக்க வேண்டிய அறையிலிருந்து கணீரென்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால், டில்லிபாபு என் இடத்தில் நின்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பலகையில் கல்லீரல் படம், நான் வரைவதைவிட அழகாக. நடுநடுவே, எந்த மையத்து ஆலோசகருடையதோ, ஒரு இருமல் வேறு. மற்றவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் சாக்பீஸை நீட்டினார். "வாங்க மேடம். லிவர் வரைக்கும் முட்ச்சிட்டேன். மூளையிலேர்ந்து நீங்க எடுத்துக்கோங்க."

அன்று சாயங்காலமும் குடித்தார்.

அவரோடு வாதம் செய்ய வழியே இல்லை. எதைச் சொன்னாலும் "கரெக்ட் மேடம்" என்பார். "குடும்பம் கஷ்டப்படுது இல்லையா?" "கரெக்டா சொன்னீங்க மேடம்." "உடம்பு கெடுது." "அதுல டவுட்டே இல்ல மேடம்." ஒருமுறை நான் எதுவும் சொல்வதற்கு முன்பே "கரெக்ட்" என்றார். டாக்டரிடம் போய்ப் புலம்பினேன்.

"சண்டை போடுறவரைப் பத்தி எனக்குப் பயமே இல்ல. அவர் இன்னும் நம்மகூடப் பேசிக்கிட்டு இருக்கார். தலையாட்டுறவர் எப்பவோ கிளம்பிட்டார், தலையை மட்டும் இங்க விட்டுட்டுப் போயிருக்கார்" என்றார் டாக்டர். "ஜெயந்தியையும் கூப்பிடுங்க. அந்தப் பத்து மார்க் கேள்வியைக் கேட்டுப் பாருங்க."

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், குடியை விட வேண்டும் என்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்கும் கேள்வி அது. சின்ன எண் சொன்னாலும் குறை சொல்லக்கூடாது. ஏன் அதைவிடக் குறைவாகச் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லப் போகும்போது அந்த ஆளே குடியை விடுவதற்கான காரணத்தைச் சொல்ல ஆரம்பிப்பார் என்பது கணக்கு.

கேட்டேன். டில்லிபாபு மேலே பார்த்து யோசித்து, "ரெண்டு" என்றார்.

"ரெண்டா?" என்று ஜெயந்தி எழுந்துவிட்டார். "மேடம், இந்தாளு இன்னா ரெண்டுன்றான்? எட்டு சொல்லுய்யா!"

"எட்டுலாம் முடியாது. ரெண்டு."

"ஒனக்கும் வாணாம், எனக்கும் வாணாம். ஆறு போட்டுக்க."

"ரெண்டரை. அதுக்கு மேல கட்டுப்படி ஆவாது."

"அஞ்சு! கடசி வெல!"

"சும்மா குந்துமே, நீ இப்டியே பேசிகினு இருந்தா ஒண்ணுக்கு எறங்கிடுவேன்!"

நான் டப்பாவைத் திறந்து ஜெயந்தியிடம் ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தேன், கரைகிறவரை பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. நானும் ஒன்று போட்டுக்கொண்டேன். பிறகு கேட்டேன். "ரெண்டுன்னு சொன்னீங்க. ஏன் பூஜ்யம்னு சொல்லல?"

டில்லிபாபுவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "இன்னா மேடம் இது? ரெண்டு மார்க்குக்குக்கூட லாயக்கில்லாதவனா நானு? பூஜ்யம் வாங்கணும்ன்றீங்களா?"

"இல்ல. அந்த ரெண்டு எதுக்குன்னு தெரிஞ்சுக்கணும்."

அவர் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "கரெக்ட் மேடம்" என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

அடுத்த முறை ஜெயந்தியை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரோடு தனியாகப் பேசினேன்.

"குடிக்கிறதுல உங்களுக்கு என்னென்ன நல்லது இருக்கு?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். எழுந்து போய், சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். "மெய்யாலுமேவா கேக்குறீங்க?"

"ஆமா."

"இத்த எவனும் கேட்டதில்ல மேடம்!" சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அப்படி ஒரு சந்தோஷம். தோஸ்துகளோடு உட்கார்ந்தால் வரும் பேச்சு, வலி மறந்து போகும் உடம்பு, ஜெயந்தியின் குரல் எங்கோ தூரத்தில் ரேடியோ மாதிரி கேட்கும் சுகம். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். "கரைக்கு வந்ததும் உடம்பும் மனசும் லேசாகுது." "ஆமா மேடம்." "தோஸ்துங்களோட இருக்கிறது பிடிச்சிருக்கு." "பின்ன?" என் வாயில் இரண்டு மிட்டாய்கள். மூன்றாவதற்கு இடமில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"கரையிலதான் மேடம் எல்லாம். கடல்ல தொட மாட்டேன். நாலஞ்சு நாளு கை நடுங்கும், கொமட்டும், அப்பால சரியாப் பூடும். ஸ்டீரிங் புடிக்கிறவன் தொடக்கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லுவேன் அத்த. ஆனா..."

நான் அசையவில்லை. கீழே தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"போன தபா ஐஸ்ஸுக்குள்ள ஒரு பாட்டில சொருகி எத்துனு போனேன். நடுக்கம் தாங்கல, குட்ச்சிட்டேன். எண்ணூர் தாண்டி வந்துகினு கீறோம். எதுத்தாப்ல நிலக்கரிக் கப்பலு. எம்மாம் பெருசு தெரியுமா? பாத்துகினுதான் கீறேன். நம்ப பக்கம்தான் வருதுன்னு தெரியுது. கை திரும்பல மேடம். ஏழுமலைன்னு ஒருத்தன், நம்ப ஆளு, ஓடியாந்து என்னத் தள்ளிட்டு அவன் திருப்புனான். கப்பலு அப்டியே பக்கத்துல போவுது. எட்டுப் பேரு மேடம் படகுல. எட்டு வூடு."

"ஏழுமலை என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பேஜாரு. அடிச்சிருந்தா தேவல. கரைக்கு வர்ற வரைக்கும் எவனும் வாயத் தொறக்கல. என்ன வச்சி ஜோக்கு அடிக்காத நாளே கெடையாது. இப்போ ஒருத்தனும் என்ன கலாய்க்கிறது இல்ல. ஓனர் கைல போட்டுக் குடுக்கவும் இல்ல. உடம்பு சரியில்லன்னு நானா எறங்கிகினேன். ஜெயந்திக்கும் தெரியாது."

எனக்கு எத்தனையோ வாக்கியங்கள் வந்தன. மிட்டாய்களைக் கடித்து விழுங்கினேன். "கடல்ல தொடுறதில்லைங்கிறது உங்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம்" என்றேன்.

"அது ஒண்ணுதான் மேடம் என்கிட்ட இருந்துச்சு" என்றார். லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இனி என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அத்த நீங்கதான் சொல்லணும். பின்ன எதுக்கு ஃபேனு போட்டுக் குந்த வச்சிருக்கீங்க?" என்றார். உடனே அவரே, "உட்டுடறேன். இன்னியிலேர்ந்தே. வூட்லயே கதவச் சாத்திகினு கெடக்கிறேன்" என்றார்.

"ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"இவ்வளவு நாள் குடிச்ச உடம்பு. வீட்ல திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்து, மருந்து குடுத்து, படுக்கையில வச்சுத்தான் நிறுத்தணும்."

டில்லிபாபு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி வருசமா எல்லா மையத்துலயும் நிறுத்து நிறுத்துன்னு உயிர வாங்குனீங்கோ. நிறுத்துறேன்னா, நிறுத்தாதேன்றீங்கோ. ஒரு முடிவுக்கு வாங்க மேடம்!"

முடிவுக்கு வந்து படுக்கையில் சேர்த்தோம். மருந்து கொடுத்தும் நடுக்கம் சட்டென்று விடவில்லை. ஒரு மதியம் மின்விசிறியில் நண்டு ஓடுகிறது என்று கத்தினார். டாக்டர் தயாளன் மருந்தை மாற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "சார், ஒதுங்குங்க, தலமேல வுழுந்துடப் போவுது. நல்ல சைஸு" என்றார் டில்லிபாபு. டாக்டர் எதுவும் மறுக்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நண்டுகள் இறங்கிப் போகும்வரை அப்படியே இருந்தார். வெளியே பெஞ்சில் ஜெயந்தி சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்படி அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தெளிந்த பிறகு டில்லிபாபுவே திட்டம் போட்டார். சாயங்காலமானால் கேரம் கிளப். கடைப்பக்கம் போகாமல் சுற்றுவழி. கப்பல் கதையை ஜெயந்தியிடம் அவரே சொன்னார். ஜெயந்தி ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அன்று மதியம் சந்தையில் யாரிடமும் பேரம் பேசாமல் மீனைக் கொடுத்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

பல மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஆண்கள் எல்லாரும் சும்மா இருப்பார்கள். ஒரு காலையில் டில்லிபாபு சுவரைப் பிடித்தபடி படியேறி வந்தார். தோஸ்து வீட்டு விசேஷமாம்.

"நான் பூட்டேன் மேடம். மறுபடியும் லிவர்லேர்ந்து ஆரம்பிங்க" என்று தலைகுனிந்து உட்கார்ந்தார்.

"இத்தனை மாசம் எப்படி இருந்தீங்க?" என்றேன்.

"குட்ச்சிட்டு வந்திருக்கேன்றேன். எப்படிக் குடிக்காம இருந்தேன்னு கேக்குறீங்களே?"

"அதான் எனக்குத் தெரியணும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். கேரம் பலகையில் கை நடுங்காமல் காயைத் தள்ளிய முதல் நாள். விடிந்ததும் தலை கனக்காத காலை. ஜெயந்தி அவரைத் திட்டியது தெளிவாகக் காதில் விழுந்தது. அதில் பாதி நியாயமாக இருந்தது. சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது எவ்வளவு மார்க் என்று கேட்டேன். "எட்டு" என்று சொல்லிவிட்டு, அவசரமாக வாசலைப் பார்த்து, "அவகிட்ட சொல்லாதீங்க, பத்து கேப்பா" என்றார். டாக்டர் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் குடித்து நான் பார்க்கவில்லை.

தடைக்காலம் முடிந்து டில்லிபாபு மறுபடி வேலை கேட்டபோது, குடிக்குச் சிகிச்சை எடுத்தவர் என்று படகு ஓனர் தயங்கினார். ஏழுமலை போய், "அண்ணன் ஓட்டட்டும். நான் ஏர்றேன். நான் ஏறுனா மத்தவனும் ஏறுவான்" என்று சொன்னாராம். முதல் நடை போய் வந்த டில்லிபாபு, குளிக்கக்கூட இல்லாமல், மீன் வாடையோடு என் அறைக்குள் ஓடி வந்தார்.

"மேடம்! ஏழுமலை என்ன கலாய்ச்சிட்டான்!"

"என்ன சொன்னார்?"

"தூரத்துல ஒரு கப்பலு. 'அண்ணே, அவுனுக்கு சைடு குடுக்கலாமா, இல்ல அவுனே ஒதுங்கணுமா?'ன்றான். படகே சிரிக்குது மேடம்!" சொல்லிவிட்டு என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் எங்கே பார்த்தாலும், அவர்களாக முன்வந்து பேசினால் ஒழிய நாங்கள் வணக்கம் சொல்லமாட்டோம். இந்த அம்மாவை எப்படித் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிட்டால் அவர்களுக்குச் சங்கடம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். டில்லிபாபுவின் படகு வந்து அணைந்தது. அவர்தான் ஓட்டி வந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"மேடம்!" என்று படகிலிருந்தே கத்தினார். கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"யாருண்ணே?" என்று கேட்டது ஒரு குரல்.

"இன்சூரன்ஸுடா! நம்ப இன்சூரன்ஸ் மேடம்! வழி வுடுங்கடா!" என்றார் டில்லிபாபு.

வழி விடுவார்களா? இரண்டு பேர் வந்து படகுக்குப் பாலிசி உண்டா என்றார்கள். ஒரு அம்மாள், மருமகன் கட்டிய தவணையைக் கம்பெனி ஏமாற்றிவிட்டதாக என்னிடம் சண்டைக்கே வந்தார். தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லிச் சமாளித்து, சங்கரா மீனை வாங்கிக்கொண்டு தப்பித்தேன். டில்லிபாபு படகில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஐஸ் உடைக்கும் இடம் தாண்டி ஆட்டோவுக்குத் திரும்பும்போது பின்னால் யாரோ வேகமாக வந்தார்கள். ஐம்பது வயதுக்காரர், கண்கள் மஞ்சளாக இருந்தன. டில்லிபாபுவின் படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

"மேடம், என் பேரு ஏழுமலை."

"சொல்லுங்க."

சுற்றுமுற்றும் பார்த்தார். கைகளை லுங்கியில் துடைத்தார். துடைத்த பிறகும் அவை நிற்கவில்லை, லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன.

"டில்லி அண்ணன் போட்டாருல்ல, அந்த இன்சூரன்ஸு" என்றார். "அதே எனக்கும் வோணும். ஆபீசு எங்க கீது?"

இடத்தைச் சொன்னேன். ப்ரியா என்று ஒரு பொண்ணு இருக்கும், தைரியமாகப் பேசலாம் என்றேன்.

"திட்டுவாங்களா?"

"மாட்டாங்க."

தலையாட்டிவிட்டு இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். "இன்னிக்கித் தொறந்திருக்குமா?" என்றார்.

ஆட்டோவில் மீன் பையை உள்ளே தள்ளி வைத்து, அவரையும் ஏறச் சொன்னேன்.